புகையாத அடுப்பு

மரத்தூள் அடுப்பு என்று சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு உடனே மூக்கு அரிக்கும். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல வழியும் கிடையாது.

ஒரு பெரிய தகர டின். அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கட்டையைப் படுக்க நுழைத்து, நடுவில் ஒரு சோடா பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி உலக்கை முனையால் இடித்து இடித்து நிறைக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகி உருவினால் நடுவில் ஒரு குழி நிற்கும். கட்டையை இழுத்தால் அடியில் ஒரு வாய். வாயில் சுள்ளியை வைத்துப் பற்றவைத்தால் தூள் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். ஒரு தடவை நிறைத்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும். விறகு வாங்க வக்கில்லாத வீடுகளுக்கு அது ஒரு வரப்பிரசாதம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தூளும் சும்மா கிடைத்தது. என் அப்பாவுக்குத் துறைமுகம் போகிற ரோட்டில் இருந்த மரம் அறுக்கிற மில்லில் வேலை. சாயங்காலம் வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு சாக்குத் தூள் வரும். அப்பாவின் காதுமடல், புருவம், வேட்டி மடிப்பு எல்லாவற்றிலும் தூள் இருக்கும். தேக்கு அறுத்த நாளில் அவர்மேல் ஒரு வாசம், கோங்கு அறுத்த நாளில் வேறு வாசம். கண்ணை மூடிக்கொண்டு இன்று எந்த மரம் என்று நான் சொல்லிவிடுவேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

அந்த வருஷ மழையை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உப்பளமெல்லாம் குளமாகிக் கிடந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் இறக்க மறந்துவிட்டார்களோ என்று கேட்கிற அளவுக்கு அது தொங்கிக்கொண்டே இருந்தது. தூத்துக்குடியில் குளிர் என்று ஒன்று உண்டா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வந்து பார்த்திருக்க வேண்டும். ஓட்டிலிருந்து ஒழுகி, சுவர் ஊறி, பாய் நனைந்து, கடல் காற்று அதன்மேல் வீசினால் பச்சைப் பிள்ளைக்குத் தாங்குமா?

பச்சைப் பிள்ளை இருந்தது. என் தம்பி. நாள் முந்திப் பிறந்துவிட்டான். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சாயர்புரத்திலிருந்து தன் பிள்ளைகளையெல்லாம் விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வீட்டில் ஏற்கெனவே அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. இருபது வயது இருக்கும். எனக்குப் பேன் பார்ப்பதும், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பயமுறுத்துவதும், அம்மாவோடு சேர்ந்துகொண்டு அப்பாவைக் கேலி செய்வதும்தான் அவள் வேலை. அம்மாவும் அவளும் மதினி, நாத்தனார் மாதிரியே இருக்கமாட்டார்கள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தால் அடுப்பில் சோறு தீய்ந்துபோகும்.

தம்பியின் விரல் நுனியெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "எலிக்குஞ்சு கணக்கால்லா இருக்கு" என்றாள். பெரியம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வாயக் கழுவு. எம் பிள்ள எட்டு பெத்தவ கையில இருக்கு. அறைக்குச் சூடு வேணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் வைத்ததுதான் அந்த மாதம் எங்கள் வீட்டில் சட்டம். அவளைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு வராது. தன் பிள்ளைகளில் மூன்றைக் குளிர்க் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். காற்று என்றாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும்.

முதலில் ஒரு சட்டியில் தணல் அள்ளி வைத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் அணைந்துபோனது. அதற்கப்புறம்தான் அப்பா மரத்தூள் அடுப்பை அம்மா படுத்திருந்த உள்ளறைக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த அடுப்பை அவர் சரிப்படுத்திய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் தூளைத் தளர நிறைத்துவிட்டார். தீ குபுகுபுவென்று மேலே வந்தது. அம்மா வியர்வையில் குளித்துவிட்டாள். "என்னைய அவிச்சு எடுக்கப் போறியளா?" என்று கேட்டாள். மறுநாள் ஈரத்தூள். அறை முழுக்கப் புகை. தம்பி இருமி இருமிக் கறுத்துப்போனான். பெரியம்மா ஒரு பாட்டம் ஏசினாள். அப்பா தூளை அரிசிச் சல்லடையில் சலித்தார். சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தில் பரப்பிக் காயவைத்தார். தேக்கு வேண்டாம், எண்ணெய் கக்குகிறது என்று கோங்கு மட்டும் எடுத்தார். கல்லு மாதிரி இடித்து நிறைத்தார். அடி வாயில் ஒரு அரைச் செங்கலை வைத்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து, குனிந்து பார்த்து, மறுபடியும் தள்ளி, கடைசியில் ஒரு விரல் நுழைகிற சந்து மட்டும் விட்டார். கொழுந்து இல்லை. புகை இல்லை. உள்ளே சிவப்பாக ஒரு கனல் மட்டும் தெரிந்தது. அறை பூவாகச் சூடேறியது.

"இப்பம் வந்து பாருங்கக்கா! ஒரு பொட்டுப் புகை உண்டா?" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். பெரியம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஆங், இப்பந்தான் சரி" என்றாள். அப்பா என்னையும் கூட்டிப்போய் என் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் நான் பார்த்ததே இல்லை. டீக்கடையிலெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார். யாரோ இரண்டு பேர் வந்து அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுக்கூடப் போனார்கள்.

புகைதான் கெடுதல் என்று நமக்கெல்லாம் தெரியும். கண்ணைக் கரிக்கும், நெஞ்சை அடைக்கும். அந்தப் புகையை விரட்டிவிட்டால் அப்புறம் நெருப்பில் பயப்பட என்ன இருக்கிறது? அப்படித்தான் நினைத்தார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

இரண்டொரு நாளில் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. "தலைய ரெண்டாப் பொளக்குதுக்கா. வாந்தி வார மாதிரி இருக்கு" என்றாள். பெரியம்மா தயாராகத்தான் இருந்தாள். "சீதளம் ஏறிட்டு. எங்கனயோ காத்து நுழையுது" என்று சொல்லி, சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டு, காதில் பஞ்சை அடைத்தாள். ஜன்னல் கதவு இடுக்கில் பழைய சேலைத் துணியைக் கிழித்துத் திணித்தாள். மறுநாள் தலைவலி கூடியது. கதவுக்கு அடியில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்தாள். அதற்கு மறுநாள் பெரியம்மாவுக்கே தலையைச் சுற்றியது. "பாத்தியா, என்னையே இந்தக் காத்து இந்தப் பாடு படுத்துதே, பெத்தவ ஒடம்பு என்ன ஆகும்?" என்று ஓட்டு இடுக்கிலும் துணி வைக்கச் சொன்னாள். அப்பா ஏணி வைத்து ஏறி வைத்தார்.

தம்பி அழுவதை நிறுத்திவிட்டான். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. "சூடு ஒத்துக்கிட்டு. எப்பிடி உறங்குதான் பாரு" என்று எல்லோருக்கும் சந்தோஷம். சந்தோஷப்பட்டார்கள் ஐயா, அந்த உறக்கத்தைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்!

ஒரு நாள் மதியம் மழை கொஞ்சம் விட்டது. தாய்க்குப் பால் ஊற பால்சுறா வேண்டும் என்று பெரியம்மா ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் போனாள். அப்பா மில்லில். வீட்டில் அம்மா, தம்பி, அத்தை, நான்.

"ஏளா, மூச்சு முட்டுது. அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறந்து விடு" என்றாள் அம்மா.

"உங்க அக்கா வந்தா என் தோலை உரிச்சிருவா மதினி."

"அவ வாரதுக்குள்ள மூடிருவோம். தொற."

அத்தை துணியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஜன்னலை விரியத் திறந்தாள். அறைக் கதவையும் திறந்தாள். ஈரக் காற்று குப்பென்று வந்தது. எனக்கு அந்தக் காற்றின் மணம் இன்னும் தெரியும், மண்ணும் கருவாடும் கலந்த மணம். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோறு கேட்டாள். அத்தை பூண்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள், முழுவதையும் சாப்பிட்டாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, "தலை என்ன இப்பிடிக் கெடக்கு, கோழி கிண்டின குப்பை கணக்கா" என்று சொல்லிப் பின்னிவிட்டாள். தம்பி விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதான். எத்தனையோ நாளைக்கப்புறம் அப்படி ஒரு அழுகை. அம்மாவும் அத்தையும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவின் அடுப்புப் பெருமையைப் பற்றி ஏதோ பேசிப் பேசிச் சிரித்தார்கள். நான் தெருவில் தேங்கின தண்ணீரில் விளையாடப் போய்விட்டேன்.

பெரியம்மாவின் சத்தம் கேட்டுத்தான் திரும்பி ஓடி வந்தேன். மீன் பெட்டி முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. "பாவி மட்ட! பச்ச ஒடம்புக்காரிய காத்துல போட்டுட்டு நிக்கியே! உனக்கு என்ன வந்துச்சு? நீ பெத்திருக்கியா, வளத்திருக்கியா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். நான் வருவதற்குள் அத்தை ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியிருந்தாள். துணியை எடுத்து ஒவ்வொரு இடுக்காகத் திணித்தாள். அழுதுகொண்டே திணித்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். பெரியம்மா சொன்னதைக் கேட்டார். தங்கையை ஒரு பார்வை பார்த்தார், ஏசவில்லை. வெளியே போய் ஜன்னலுக்கு மேல் ஒரு சாக்கை வைத்து ஆணி அடித்தார். மதியம் ஏறின குளிரை இறக்க வேண்டுமே என்று அன்றைக்கு அடுப்பை வழக்கத்தைவிட இறுக்கி நிறைத்தார். செங்கலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

விடிந்ததும் வெளி அறையில் படுத்திருந்த என்னை ஏதோ விழுகிற சத்தம் எழுப்பியது. பெரியம்மா உள்ளறை வாசற்படியில் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் கதவோரம்தான் படுப்பாள். எப்படியோ தவழ்ந்து கதவைத் திறந்திருக்கிறாள். அப்பா அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். அம்மாவை ஒரு தடவைதான் கூப்பிட்டார். பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அம்மாவும் போய்விட்டாள், அவள் கைக்குள் இருந்த தம்பியும் போய்விட்டான்.

தெருமுனை கம்பவுண்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஜன்னி என்றார். பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். "முகம் எப்பிடிச் செவந்து கெடக்கு பாரேன், உசிரோட உறங்குத மாதிரில்லா இருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அழுதார்கள். உண்மைதான். அம்மா மாநிறம். அன்று அவள் கன்னம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. நானும் அவள் எழுந்துவிடுவாள் என்றே நினைத்து, பின்னின சடையைக் கலைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மாவுக்கு மதியம் போலப் பேச்சு வந்தது. வந்ததும் முதலில் சொன்னது இதுதான். "அந்தக் காத்துதான். என்னையே அடிச்சுப் போட்டுட்டே. நேத்து மத்தியானம் ஜன்னலத் தொறந்து போட்டா இவ. கொன்னுட்டா." எல்லோரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அவள் முற்றத்தில் மழைக்குள் நின்றாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து அத்தைக்கு மதினியைக் கொன்றவள் என்றுதான் பெயர். எட்டயபுரம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் பேசி முடிகிற நிலைமையில் இருந்தது, அது நின்றுபோனது. வேறு எதுவும் வரவில்லை. சொந்தத்தில் பிள்ளை பிறந்தால் எல்லோருக்கும் சொல்லி விடுவார்கள், அவளுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். அப்பா ஒரு நாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை. ஆனால் சாகிறவரைக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. அவள் என்னை வளர்த்தாள். குளிப்பாட்டினாள், சடை பின்னினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். எதில் சமைத்தாள் தெரியுமா? அதே மரத்தூள் அடுப்பில். அதை யார் சந்தேகப்பட்டார்கள்? முற்றத்தில் வைத்து, அதன் முன்னால் குனிந்து ஊதி ஊதி, கேஸ் வருகிறவரைக்கும் எங்களுக்குச் சோறு பொங்கினாள். டின் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகு பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான்.

என் மகள் பிறந்தபோது அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வார்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அங்கன இருந்தே காட்டு மக்கா, போதும்" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் பிள்ளையைத் தொடவில்லை.

அந்த மகள் இப்போது பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கிறாள். போன வருஷம் என்னை அழைத்துப்போயிருந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அடுப்பு, முன்னால் கண்ணாடி. அதில் போடுவது மாட்டுத் தீவனம் மாதிரி சின்னச் சின்னக் குச்சி. கையில் எடுத்து முகர்ந்தேன். மரத்தூள்! தூளை அமுக்கிக் குச்சியாக்கி மூட்டை மூட்டையாகக் காசுக்கு விற்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பொத்தானை அமுக்கிச் சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். காற்று வருகிற வழியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி இருந்தது. அறை சுகமாக இருந்தது.

இரண்டாம் நாள் கண்ணாடி கறுத்து, தீ சோம்பேறித்தனமாக மஞ்சளாக ஆடியது. நான் சும்மா, "தலைய வலிக்கிடி" என்றேன். பிள்ளை பதறிப் போனாள். கொட்டுகிற பனியில் ஜன்னலையெல்லாம் திறந்தாள். கூரையில் ஒட்டியிருந்த வட்டமான ஒரு சாமானை, வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். அது கீ கீயென்று கத்தியது.

"குளிருதுடி, பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"நெருப்பு இருக்கிற வீட்டுல தலைவலின்னா மொதல்ல ஜன்னலைத் திறக்கணும்மா. காத்து பத்தலைன்னா மரம் சரியா எரியாது. விஷ வாயு வரும், அதுக்குத்தான் மேல அந்த அலாரம். புகை இருக்காது, மணம் இருக்காது, ஒண்ணுமே தெரியாது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும், அவ்வளவுதான். முகமெல்லாம் செவந்து போய், தூங்குற மாதிரியே..." 

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைவலி விமானத்தில் வந்த அலுப்புதான், வேறொன்றுமில்லை. அவள் காற்றுப் பிடியைக் கூட்டி வைத்து, தீ வெளுத்து நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து. அப்பா இதைக் கேட்காமல் செத்துப்போனது எவ்வளவு நல்லது என்று முதல் தடவையாக நினைத்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே அத்தையைப் பார்க்க ஓடினேன். அதே வீடுதான், ஓட்டுக் கூரையை மாற்றிக் கான்கிரீட் போட்டாயிற்று. எண்பதைத் தொடப்போகிறாள், காது நன்றாகக் கேட்கும். மதிய வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆயுசு முழுக்கச் சுமந்ததை இறக்கிவைக்கப் போகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் துள்ளல். முன்னால் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, செங்கல், புகையில்லாத விஷம், சிவந்த முகம், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"போளா. யாரோ எதையோ சொன்னாவன்னு வந்துட்டா" என்றாள்.

"சத்தியமா அத்தை. காத்தால சாகல. காத்து இல்லாமத்தான் செத்தாவ."

மீன் செதில் ஒட்டின விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அன்னைக்கு நான் தொறந்தது தப்பில்லையா?"

"தப்பே இல்ல அத்தை. அந்த வீட்டுல அது ஒண்ணுதான் சரியான காரியம்."

அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும், இவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து அழட்டும் என்று கட்டிப்பிடிக்கத் தயாராக நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. என் கையை மெதுவாக விலக்கினாள்.

"உங்க அம்மா மூடாதன்னுல்லா சொன்னா" என்றாள். "நீ தெருவுல நின்ன, உனக்குத் தெரியாது. உங்க பெரியம்மா கத்துதா, நான் ஜன்னல்ட்ட ஓடுதேன், மதினி என் சேலையப் பிடிச்சுக்கிட்டு, 'ஏளா, மூடாதளா, இப்பந்தான் உசிரு வந்த மாதிரி இருக்கு'ன்னா. நான் அவ கையத் தட்டி விட்டுட்டுப் போய் மூடினேன். ஒரு இடுக்கு விடாம நாந்தான் துணி திணிச்சேன்."

"அத்தை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்? யாருக்குமே தெரியாதுல்லா."

என் பேச்சு அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நெத்திலிச் சட்டியைத் தள்ளி வைத்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"நான் இன்னும் எவ்வளவு நாள் இருக்கப் போறேன். செத்த பொறவு சொல்லிருக்கக் கூடாதாளா?"